ஸ்டாக் எழுதும்போது வரும் சந்தேகங்கள்

கேள்வி: லிஸ்ட் கிளாஸை இன்ஹெரிட் செய்தால் (அதன் வாரிசாக எழுதினால்) நான்கே வரியில் ஸ்டாக் தயாராகிவிடுகிறது. அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். லிஸ்ட்டின் எல்லா மெத்தட்களும் (செயல்பாடுகளும்) கூடவே வந்துவிடும். யார் வேண்டுமானாலும் நடுவில் கை வைக்கலாம். மேலே மட்டும் வைத்து, மேலிருந்து மட்டும் எடுக்க முடிவதால்தான் அது ஸ்டாக். ஜாவாவின் பழைய ஸ்டாக் கிளாஸ் வெக்டரின் வாரிசு என்பதால், இன்றும் அதன் நடுவில் ஓர் உருப்படியைச் செருக முடியும். அதற்குப் பதில் டெக் இன்டர்ஃபேஸைப் பயன்படுத்தும்படி ஜாவா ஆவணமே சொல்கிறது. டெக்கிலும் இரண்டு முனைகள் திறந்திருக்கும். அதனால் லிஸ்ட்டோ டெக்கோ, பிரைவேட் ஃபீல்டாக உள்ளே வைத்துக்கொண்டு புஷ் (மேலே வைப்பது), பாப் (மேலிருந்து எடுப்பது), பீக் (எடுக்காமல் மேலே இருப்பதைப் பார்ப்பது), காலியா என்று சொல்லும் மெத்தட் ஆகியவற்றை மட்டும் வெளியே விடுங்கள்.

கேள்வி: அர்ரே (எண்ணிட்ட இடங்களின் வரிசை) வைத்து எழுதினேன். பாப் செய்யும்போது எண்ணிக்கையை ஒன்று குறைத்தால் போதாதா?

பதில்: வெறும் எண்கள் என்றால் போதும், ஆப்ஜெக்ட் என்றால் போதாது. 0, 1, 2 ஆகிய இடங்களில் மூன்று ஆப்ஜெக்ட்கள் இருக்கின்றன என்று வையுங்கள். பாப் செய்ததும் எண்ணிக்கை 2 ஆகிறது. ஆனால் 2 என்ற இடத்தில் பழைய ரெஃபரன்ஸ் (ஆப்ஜெக்ட்டைச் சுட்டும் குறிப்பு) அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம் என்பது தேவையற்ற மெமரியைத் தானாக விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டருக்குத் தெரியாது. அடுத்த புஷ் அந்த இடத்தை நிரப்பும் வரை மெமரி விடுபடாது. எனவே உருப்படியை ஒரு மாறியில் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ‘நல்’ (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) போட்டு, அப்புறம் ரிட்டர்ன் செய்யுங்கள். பலர் விட்டுவிடும் வரி இதுதான்.

கேள்வி: அர்ரே நிரம்பும்போது பத்துப் பத்து இடமாகக் கூட்டுகிறேன். சரியா?

பதில்: இரட்டிப்பாக்குங்கள். அர்ரேயைப் பெரிதாக்கும்போதெல்லாம் பழைய உருப்படிகளைப் புதிய அர்ரேக்கு நகலெடுக்க வேண்டும். 1,024 புஷ் செய்து கணக்குப் பாருங்கள். பத்து இடத்தில் தொடங்கிப் பத்துப் பத்தாகக் கூட்டினால் மொத்தம் 52,530 முறை நகலெடுக்க வேண்டும். ஓர் இடத்தில் தொடங்கி இரட்டிப்பாக்கினால் 1,023 முறைதான். சுருக்கும்போது மட்டும் அவசரம் கூடாது: உருப்படிகள் அர்ரேயின் கால்வாசிக்கு இறங்கிய பிறகே அதைப் பாதியாக்குங்கள். பாதியிலேயே சுருக்கினால், அந்த எல்லையில் புஷ்ஷும் பாப்பும் மாறி மாறி வரும்போது ஒவ்வொரு தடவையும் முழு அர்ரேயையும் நகலெடுக்க நேரும்.

கேள்வி: காலி ஸ்டாக்கில் பாப் செய்தால் ‘நல்’ திருப்பி அனுப்பலாமா?

பதில்: எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எறியுங்கள். ‘நல்’ வந்தால், ஸ்டாக் காலியா, யாரோ ‘நல்’லையே புஷ் செய்தார்களா என்று அழைத்தவருக்குத் தெரியாது.