ஷிபோலேத்: கதிர், சோதனை, வெற்றுக் கோஷம்

‘ஷிபோலேத்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ‘ஆளை இனங்காட்டும் சொல்’ என்றும் ‘காலங்கடந்த கொள்கை’ என்றும் பொருள் போட்டிருக்கிறது, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

பைபிள் வாசித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு முன்பே தமிழில் அறிமுகமாகியிருக்கும். எனக்கும் அப்படித்தான். நியாயாதிபதிகள் ஆகமம், 12ஆம் அதிகாரம். யெப்தாவின் தலைமையில் கீலேயாத்தியர் எப்பிராயீமியரை முறியடித்து, யோர்தான் ஆற்றின் துறைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். தப்பி வருகிறவன், தான் எப்பிராயீமியன் அல்லன் என்கிறான். ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். அந்த ‘ஷ’ அவன் நாவில் வராது, ‘சிபோலேத்’ என்கிறான். அங்கேயே வெட்டிப்போடுகிறார்கள். மாண்டவர்கள் 42,000 பேர் என்கிறது அந்த அதிகாரம்.

எபிரேயத்தில் அதற்குத் தானியக் கதிர் என்று பொருள். நீரோட்டம் என்றும் பொருள் உண்டு. சம்பவம் ஆற்றுத்துறையில் நடப்பதால் இரண்டாவதே பொருந்தும் என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேட்டவர்களுக்குப் பொருள் தேவைப்படவில்லை, ஒலி போதுமாக இருந்தது. ஆங்கிலம் எடுத்துக்கொண்டதும் இதைத்தான்: உச்சரிப்பை வைத்து ‘நம்மவனா, அந்நியனா’ என்று பிரிக்கும் சோதனை.

இதை வெறும் பழங்கதை என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. 1923 செப்டம்பர் 1 அன்று ஜப்பானின் காந்தோ வட்டாரத்தில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. கொரியர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. தெருக்களில் மறித்த கும்பல்கள், ‘15 யென் 50 சென்’ என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். அதில் ‘ஜூ’ (ju), ‘கோ’ (go) என்ற அதிரொலிகள், அதாவது குரல்நாண் அதிர எழும் வல்லின ஒலிகள், சொல்லின் முதலில் வருகின்றன. கொரிய மொழியில் அந்த இடத்தில் அதிரொலி வருவதில்லை.

தமிழிலும் அப்படித்தான், கடன்சொற்கள் நீங்கலாக நம் சொற்களும் அதிரொலியில் தொடங்குவதில்லை. 1983 ஜூலையில் இலங்கையில் வாகனங்களை மறித்த கும்பல்கள் வாளிக்கான சிங்களச் சொல்லான ‘பால்திய’வைச் சொல்லச் சொன்னதாகத் தப்பியவர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். ‘பஸ்’ என்னும்போது வரும் ‘ப’வில் அது தொடங்க வேண்டும். சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் சிலர் பிழைத்தார்கள். அறுபது ஆண்டு இடைவெளியில், இரண்டு தீவுகளில், ஒரே ஒலிநுட்பம் ஆயுதமாகியிருக்கிறது. மொழியியல் வகுப்புகளில் இதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

பிறகு பொருள் விரிந்தது. உச்சரிப்பு மட்டுமல்லாமல், உடை, உணவுப் பழக்கம், சொல்வழக்கு என ஒரு குழுவைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் ஷிபோலேத் ஆயிற்று. கட்சிக்காரர்களை இனங்காட்டும் கோஷங்களுக்கும் அந்தப் பெயர் போயிற்று. கோஷத்தை உள்ளே இருப்பவர்கள் பழக்கத்தில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வெளியே இருப்பவர்களுக்கு அதில் சாரம் எதுவும் மிஞ்சியிருப்பதாகத் தெரியாது. அகராதியின் ‘காலங்கடந்த கொள்கை’ இந்த வழியாக வந்ததுதான்.

இரண்டு பொருளும் ஒன்றாகச் சேரும் இடமும் உண்டு. ஆங்கிலத்தில் ‘டு’வுக்கும் (to) அதையடுத்த வினைச்சொல்லுக்கும் நடுவே வேறு சொல் வரக்கூடாது என்பார்கள். அந்த மொழியின் நல்ல எழுத்தாளர்கள் பலர் அதை மீறியிருக்கிறார்கள். ஆனாலும் யார் ‘முறையாகப் படித்தவர்’ என்று பிரிக்க அந்த விதி இன்னும் பயன்படுகிறது.

வாசிக்கும்போது பேசுபொருளைப் பாருங்கள். அரசியல், பொருளாதாரக் கட்டுரைகளில் வந்தால் பெரும்பாலும் ‘வெற்றுக் கோஷம்’. மொழி, வர்க்கம், இனம் பற்றிய எழுத்தில் வந்தால் ‘அடையாளச் சோதனை’. பல்கலைக்கழக நூலகத் தளத்தில் நுழையும்போது இந்தப் பெயரைக் கண்டால், அது ஒரே கடவுச்சொல்லில் பல தளங்களுக்குள் அனுமதிக்கும் மென்பொருளின் பெயர்.