9 வயது மகள் டர்ட் பைக் பழகுகிறாள்: முதுகுக் கவசம் எதைப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது?

ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

மகளுக்கு 50 சிசி வண்டி, வாராவாரம் மண் டிராக்கில் பயிற்சி, கடைக்காரர் “வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடுங்க, ரெண்டு வருஷம் ஓடும்” என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிச் சீருடையை அப்படி வாங்கலாம். கீழே மடித்துத் தைத்துவிட்டு, பிள்ளை வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம். முதுகுக் கவசத்தில் மடிக்க இடமில்லை. பெரிதாக இருந்தால் இரண்டு கெடுதல். விழுந்து உருளும்போது அது விலாப்பக்கம் நகர்ந்துவிடும்; அடி விழும் இடத்தில் கவசம் இருக்காது. இன்னொன்று, விழாதபோதும் தொல்லை கொடுக்கும். அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் நிற்கும்போது இது தெரியாது.

மண்ணில் ஓட்டும் நிலை ரோட்டில் உட்கார்ந்து ஓட்டுவது போல இல்லை. ஃபுட்பெக்கில், அதாவது கால் வைக்கும் கம்பியில், எழுந்து நின்று, முழங்கையை வெளியே உயர்த்தி, இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். உடம்பு சாய்ந்திருக்கப் பார்வை மட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றால் கழுத்து பின்னால் மடிந்துதான் ஆக வேண்டும். அப்போது ஹெல்மெட்டின் பின்விளிம்பு மேல்முதுகை நோக்கி இறங்கும். நீளமான கவசத்தின் மேல்முனை சரியாக அங்கேதான் போய் முட்டும். முட்டினால் பிள்ளை புகார் சொல்லாது, தலையைக் குனிந்துகொள்ளும், முன்சக்கரத்தையே பார்த்து ஓட்டும். எங்கள் பக்கத்து டிராக்கில் அப்பாக்கள் வேலி ஓரமாக நின்று “தலையைத் தூக்கு, தலையைத் தூக்கு” என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். பாதி நேரம் பிள்ளை தூக்க மறுப்பதில்லை, தூக்க முடிவதில்லை.

சரி, சரியான அளவு எது? வயது எழுதிய அட்டையை நம்பாதீர்கள். உயரத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. ஒரே உயரமுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்குக் கால் நீளம், இன்னொருத்திக்கு உடம்பு நீளம். உங்களுக்கு வேண்டிய அளவு தோளிலிருந்து இடுப்பு வரை. தையல்காரர் டேப் ஒன்று எடுங்கள். மகளைப் பக்கவாட்டில் ஒருமுறை சாயச் சொல்லுங்கள். இடுப்பில் மடிப்பு விழும் இடம்தான் இடுப்புக்கோடு. அங்கிருந்து முதுகு வழியாக, கழுத்தும் தோளும் சேரும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். நல்ல கவசங்களின் லேபிளில் இந்த நீளம் சென்டிமீட்டரில் போட்டிருக்கும். அவளுடைய அளவு அந்த வரம்புக்குள் வர வேண்டும். இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், ஹெல்மெட்டையும் கொண்டுபோய் இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஹெல்மெட்டில் முட்டாத சைஸை எடுங்கள், பெரும்பாலும் அது சின்னதாகத்தான் இருக்கும்.

இனி லேபிள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சிஇ என்ற ஐரோப்பியச் சான்று ஸ்டிக்கரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கவசத்திலேயே தைத்த அல்லது அச்சடித்த குறி இருக்க வேண்டும். முதுகுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 1621-2. கடைசியில் உள்ள அந்த 2 முக்கியம். 1621-1 என்றால் முழங்கை, முழங்கால், தோள் போன்ற மூட்டுகளுக்கானது. 1621-3 என்றால் மார்புக்கானது. ஈஎன் 14021 என்று மட்டும் போட்டிருந்தால் அது முன்னால் போகும் வண்டியின் பின்சக்கரம் வாரியடிக்கும் கல்லைத் தடுக்க வந்தது. ரூஸ்ட் கார்டு என்பார்கள். கல்லுக்கு அது போதும், கீழே விழும் அடிக்குப் போதாது. பிள்ளைகளுக்கென்று விற்கும் வலைத்துணி ‘பாடி ஆர்மர்’ சட்டைகளில் நடக்கும் வேடிக்கை இதுதான்: தோளுக்கும் முழங்கைக்கும் சான்று இருக்கும், முதுகில் வெறும் ஸ்பாஞ்ச் இருக்கும். ஒவ்வொரு துண்டாக வெளியே எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அதே லேபிளில் எஃப்பி, சிபி, எல்பி என்று எழுத்துகள் இருக்கும். எஃப்பி என்றால் தோள்பட்டை எலும்புகளையும் சேர்த்து முழு முதுகு, சிபி என்றால் நடுமுதுகு, எல்பி என்றால் கீழ்முதுகு மட்டும். மண்ணில் ஓட்டும் பிள்ளைக்கு எஃப்பி பாருங்கள். பக்கத்தில் 1 அல்லது 2 என்ற எண், அதுதான் லெவல். இரண்டு லெவலுக்கும் சோதனை ஒன்றுதான்: 5 கிலோ எடையை 50 ஜூல் ஆற்றலோடு கவசத்தின் மேல் விழவைத்து, அடியில் எவ்வளவு விசை வந்து சேர்கிறது என்று அளக்கிறார்கள். லெவல் 1-இல் சராசரி 18 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது, லெவல் 2-இல் 9-ஐத் தாண்டக்கூடாது. அதாவது லெவல் 2 பாதி விசையைத்தான் உள்ளே விடுகிறது. எடுக்க முடிந்தால் அதையே எடுங்கள். ஆனால் அது சில சமயம் தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும். சின்ன உடம்பில் படியாமல் விலகி நிற்கும். அப்படியிருந்தால் உடம்போடு ஒட்டி நிற்கும் லெவல் 1-தான் நல்லது. இதில் என்னோடு சண்டை போடும் ஆட்கள் உண்டு, போடட்டும்.

லேபிளில் டி பிளஸ் என்ற குறியும் இருந்தால் நம் ஊருக்கு நல்லது. 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்துத் தேறியது என்று அர்த்தம். இப்போது வரும் மென்மையான கவசங்கள் பலவும் ஒருவகை நுரையால் ஆனவை. சூட்டில் இன்னும் இளகும். அதனால்தான் மே மாத வெயிலில் கார் டிக்கியில் கவசத்தைப் போட்டு வைக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

மாட்டும் முறை. முதலில் இடுப்புப் பெல்ட்டை இறுக்குங்கள், தோள்வார் அப்புறம். பலரும் தோளை முதலில் இழுத்துவிடுவார்கள், கவசம் மேலே ஏறி நின்றுவிடும். பெல்ட் இடுப்பெலும்புக்கு மேல் உட்கார்ந்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுகியிருந்தால் போதும். பிறகு கீழ்விளிம்பைப் பிடித்து மேலே தள்ளிப் பாருங்கள், நடுவில் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். தோல்தான் அசைய வேண்டும், கவசம் தனியாக வழுக்கக்கூடாது. அடுத்து ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு வண்டியில் ஏற்றுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் வண்டி போதும். எழுந்து நிற்கட்டும், சாயட்டும், தூரத்து மரத்தைப் பார்க்கட்டும். ஹெல்மெட்டுக்கும் கவசத்துக்கும் நடுவில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். பிறகு உட்காரட்டும். உட்காரும்போது சீட் கவசத்தின் கீழ்முனையை மேலே தள்ளினாலும் நீளம் அதிகம் என்று அர்த்தம்.

பெண் பிள்ளைக்கு இன்னொரு விஷயம், ஆண்கள் எழுதும் குறிப்புகளில் வராது. பின்னலை முதுகில் தொங்கவிட்டு அதன் மேல் கவசத்தை மாட்டினால், தண்டுவடத்தின் மேலேயே ஒரு கயிறு கிடப்பது போல இருக்கும், கவசம் படியாது. கொண்டை போட்டால் ஹெல்மெட் ஏறாது. தாழ்வாக, பிடரிக்குக் கீழே இரண்டு மெல்லிய பின்னலாகப் போட்டு முன்பக்கம் எடுத்து ஜெர்சிக்குள் விட்டுவிடுங்கள்.

கழுத்தைக் காக்கும் நெக் பிரேஸ் போடும் எண்ணம் இருந்தால் அதையும் கவசத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தே வாங்குங்கள். பிரேஸின் பின்தண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இறங்கும். அதற்கு இடம் விட்டுச் செய்த கவசங்கள் உண்டு, மேல்துண்டைக் கழற்ற வசதியுள்ளவையும் உண்டு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றால் இரண்டுமே வீண்.

இந்தக் கவசத்தால் எது முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கல், வேர், ஹேண்டில்பார், பின்னால் வரும் இன்னொரு வண்டி என்று நேராக முதுகில் விழும் அடியை இது பரப்பிக் குறைக்கும். முதுகெலும்பு அளவுக்கு மீறி வளைவதையோ முறுக்குவதையோ, உயரத்திலிருந்து புட்டம் தரையில் மோதும்போது எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று நசுங்குவதையோ இது பெரிதாகத் தடுக்காது. ஆகவே கவசம் வந்துவிட்டது என்பதற்காகப் பெரிய ஜம்ப் பக்கம் அனுப்பாதீர்கள். மார்புக்கும் சேர்த்து வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள் முன்னால் விழும்போது ஹேண்டில்பார் முனை குத்துவது மார்பிலும் வயிற்றிலும்தான்.

உள்ளே பருத்திப் பனியன் வேண்டாம், வியர்வையில் ஊறித் தோலை உரசும். மெல்லிய ஸ்போர்ட்ஸ் டீஷர்ட் போதும். ஓட்டம் முடிந்து வந்ததும் கழற்றிவிட்டுத் தண்ணீர் கொடுங்கள். பிள்ளைகள் சீக்கிரம் சூடாகிவிடுவார்கள், சொல்லவும் மாட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். சிறிதாகிவிட்ட கவசத்தை டிராக்கிலேயே வேறு பிள்ளைக்கு விற்றுவிடலாம். அந்த வகையில் இரண்டு வருஷத்துக்கு ஒன்று வாங்குவதைவிடப் பெரிதாகச் செலவு கூடாது. நீங்களும் அப்படிப் பழையது வாங்கலாம், வெல்க்ரோ ஒட்டுகிறதா, எலாஸ்டிக் தொய்ந்திருக்கிறதா, நுரையில் பள்ளமோ விரிசலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஆனால் பலத்த அடி வாங்கிய கவசத்தை விற்காதீர்கள், சும்மாவும் கொடுக்காதீர்கள். குப்பையில் போடும் முன் வார்களைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் யாராவது எடுத்துத் துடைத்துத் தன் பிள்ளைக்கு மாட்டிவிடுவார்கள்.