வசனமே இல்லாத படம் போடலாமா?

கேள்வி: சனிக்கிழமை இரவு நண்பர்கள் ஆறு பேர் வீட்டுக்கு வருகிறார்கள். அதிகம் பேர் பார்க்காத அனிமேஷன் படமாக ஒன்று சொல்லுங்களேன். இருவருக்கு சப்டைட்டில் படிக்கவே பிடிக்காது.
- வாசகர், திருச்சி

பதில்: யோசிக்காமல் ‘தி ரெட் டர்ட்டில்’ போடுங்கள். 2016-இல் வந்தது, 80 நிமிடம்தான். நெதர்லாந்துக்காரர் மைக்கேல் டுடோக் டெ விட் இயக்கியது. ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோவும் தயாரிப்பில் பங்கு. ஆளில்லாத் தீவில் ஒதுங்கிய ஒருவன் மூங்கில் தெப்பம் கட்டிக் கிளம்பும்போதெல்லாம், அடியிலிருந்து ஏதோ இடித்து உடைக்கிறது. மீதியை நான் சொல்லக் கூடாது. ஓரிரு கூச்சல் தவிர பேச்சே இல்லை, அதனால் சப்டைட்டில் பிரச்சினையும் இல்லை.

மணலில் அவன் பின்னாலேயே ஓடிவரும் குட்டி நண்டுகளைப் பாருங்கள், அவ்வளவு அழகு! எங்கள் வீட்டில் பார்த்தபோது முதலில் முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆமை வந்த பிறகு தட்டில் யாரும் கை வைக்கவில்லை. விளக்கை முழுக்க அணைத்துவிடுங்கள். இரவுக் காட்சிகள் ஏறக்குறைய கறுப்பு வெள்ளையில் இருக்கும்.

அப்புறம், கலகலப்பு வேண்டுமென்றால் ஜப்பானிய இயக்குநர் சதோஷி கோனின் ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’ (2003). ஆனால் அதை ஜப்பானிய மொழியில் பார்த்தால் சப்டைட்டில் படித்தாக வேண்டும். அந்த இருவரையும் எப்படியாவது சம்மதிக்க வையுங்கள்.