'மட்டாங்கோ' பழைய ஜப்பானியப் படம். ரப்பர் காளான் வேடத்தைப் பார்த்துச் சிரிக்க மட்டும்தானா அது?

இல்லை. 1963-இல் தோஹோ நிறுவனத்துக்காக இஷிரோ ஹோண்டா எடுத்த படம் இது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'காளான் மனிதர்களின் தாக்குதல்' என்ற பொருளில் பெயர் வைத்து ஓட்டியதில்தான் பாதிக் கேலி ஒட்டிக்கொண்டது. கடைசிக் காட்சிகளில் வேடம் ரப்பர் என்று தெரிவது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காளான் மனிதர்கள் அதிகம் வருவதே இல்லை.

உல்லாசப் படகில் கிளம்பிய ஏழு பேர் புயலில் சிக்கித் தீவொன்றில் ஒதுங்குகிறார்கள். பூஞ்சை அப்பிய ஓர் ஆய்வுக் கப்பல் கரையில் கிடக்கிறது. உள்ளே ஒரு கண்ணாடிகூட இல்லை. அந்தத் தீவின் காளானைத் தின்பவர்கள் காளானாகவே மாறுகிறார்கள் என்று தெரியும்போது, கண்ணாடிகளை ஏன் எடுத்துவிட்டார்கள் என்பது நமக்கே உறைக்கும். பசி ஏற ஏற நாகரிகம் உதிர்கிறது: கண்டெடுத்த ஆமை முட்டையை மாலுமி பணக்காரனுக்கே காசுக்கு விற்கிறான்! பணம் செல்லாத தீவில் அந்தப் பேரம்தான் என்னை உலுக்கியது.

காளானைத் தின்ற மாமி என்ற பெண் (நடிகை குமி மிசுனோ) அழுகிப்போவதில்லை, முன்னைவிட அழகாகிறாள். ஆசையே பொறி என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய திகில் படங்கள் குறைவு. அந்த ஆய்வுக் கப்பல் அணுக்கதிர் வீச்சை ஆராய வந்தது என்பதையும் கவனியுங்கள். போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவை நேரில் கண்டவர் ஹோண்டா.

ஆங்கில டப்பிங்கில் பார்க்காதீர்கள். ஜப்பானிய மொழியில், சப்டைட்டிலோடு பாருங்கள்.