உபுண்டுவில் மென்பொருள் நிறுவுவது எப்படி?

கேள்வி: கணினியில் புதிதாக உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்டிருக்கிறேன். வீடியோ பார்க்க விஎல்சி வேண்டும் என்று இணையத்தில் தேடி எக்ஸி ஃபைலை இறக்கினேன், கிளிக் செய்தால் திறக்கவே இல்லை. என்னதான் செய்வது?

பதில்: எக்ஸி விண்டோஸுக்கானது, அதை அழித்துவிடுங்கள். லினக்ஸில் தளம் தளமாகப் போய்த் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் கிடையாது. விஎல்சி, ஜிம்ப், லிப்ரே ஆபீஸ் போன்ற ஆயிரக்கணக்கான மென்பொருட்களை உபுண்டுவே தன் களஞ்சியங்களில் (இணையத்தில் உள்ள மென்பொருள் கிடங்குகளில்) வைத்திருக்கிறது. உபுண்டுவிலேயே இருக்கும் ஆப் சென்டரைத் திறந்து பெயரைத் தேடி இன்ஸ்டால் அழுத்தினால் போதும், இலவசம்தான்.

டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) பழக்கமானால் இன்னும் சுலபம். முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' (sudo apt update), அப்புறம் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி' (sudo apt install vlc) என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். சூடோ என்பது நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளையை இயக்குவது, ஆப்ட் என்பது மென்பொருளை நிறுவும் கருவி. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாமல் இருக்கலாம், பயப்படாமல் அடித்து என்டர் தட்டுங்கள். ஆப்ட் களஞ்சியத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, அந்த மென்பொருளுக்குத் தேவையான மற்ற தொகுப்புகளையும் தானே இறக்கிவிடும், பின்னால் அப்டேட்டும் மொத்தமாக ஒரே இடத்தில் வரும். எனக்கு லினக்ஸில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

களஞ்சியத்தில் இல்லையென்றால்? ஸ்னாப், பிளாட்பேக் என்ற வேறு இரண்டு மென்பொருள் தொகுப்பு வகைகளில் இருக்கிறதா என்று பாருங்கள், இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் புதிய பதிப்பு சீக்கிரம் கிடைக்கும். டெப் ஃபைல் (உபுண்டுவில் நிறுவக்கூடிய தொகுப்புக் கோப்பு) என்றால் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். யாரோ எழுதிய கட்டளையைப் புரியாமல் சூடோவோடு ஒட்டாதீர்கள், அது உங்கள் கணினி முழுவதையும் அவர் கையில் கொடுப்பதுதான்.