அப்பாவின் உள்ளங்கால் சர்க்கரைப் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. வேலூரில் பிஆர்பி போட்டால் ஆறுமா?

ஆறலாம், ஆனால் பிஆர்பி (பிளேட்லெட் எனும் தட்டணு செறிந்த ரத்தத் திரவம்) முதல் படி அல்ல.

முதலில் காலுக்கு ரத்தம் போகிறதா என்று பாருங்கள். சர்க்கரைக்காரர்களின் ரத்தக்குழாய் சுண்ணாம்பேறி விறைத்திருந்தால் கணுக்காலில் அளக்கும் ரத்த அழுத்தம் பொய்யாகக் கூடுதலாகக் காட்டலாம். கால்விரல் அழுத்தத்தையும் கேளுங்கள். அது 30 மி.மீ.க்குக் கீழே என்றால் அடைப்பை நீக்காமல் எதைப் பூசினாலும் வீண். மருத்துவர் புண்ணுக்குள் விட்டுப் பார்க்கும் கம்பி எலும்பில் ‘டக்’கென்று முட்டினால் எலும்பிலும் சீழ் பிடித்திருக்கலாம், எக்ஸ்ரே தேவை.

பிஆர்பி என்பது அவருடைய ரத்தமேதான். 10–20 மி.லி. எடுத்து, உறையாமலிருக்க சிட்ரேட் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் சிவப்பணு அடியில் தங்கும். தட்டணு செறிந்த மஞ்சள் பகுதியைப் பிரித்து கால்சியம் குளோரைடு விட்டால் ஜெல்லாக உறையும். செத்த சதையைச் சுரண்டி எடுத்த புண்ணில் அதை வைத்து, ஒட்டாத டிரெஸ்ஸிங்கால் மூடுவார்கள். பொதுவாக வாரம் ஒருமுறை. வெறும் காஸ் துணி வைத்தால் அதுவே ஜெல்லை உறிஞ்சிவிடும். சீழ் இருக்கும்போது பிஆர்பி போடக் கூடாது.

பலர் கோட்டை விடுவது நடையில்தான். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதுவே: உணர்ச்சியற்ற பாதம் திரும்பத் திரும்ப மிதிபட்டே புண்ணாகிறது. பாதம் முழுக்க ஒட்டியபடி போடும் முழுத்தொடர்பு மாவுக்கட்டு அந்தப் பாரத்தைப் பரப்பிவிடும் (ரத்த ஓட்டம் மோசமாகவோ சீழோ இருந்தால் வேண்டாம்). ஆறிய பிறகு எம்.சி.ஆர். (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பு, வீட்டுக்குள்ளும்தான், ‘பாத்ரூம் வரைக்கும்தானே’ என்று கழற்றக் கூடாது.

வாராவாரம் புண்ணின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். 4 வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால் சிகிச்சையை மாற்றச் சொல்லுங்கள். காய்ச்சல், கருப்பு, நாற்றம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.