மரத்துப்போவதைப் பொறுத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு 43 வயது, ஐ.டி. வேலை. ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ரோடு பைக்கில் (முன்னால் குனிந்து வேகமாக ஓட்டும் சைக்கிள்) ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் வரை போய்வருகிறேன். 30 கிலோமீட்டர் தாண்டியதும் பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போகிறது. முன்பெல்லாம் இறங்கி நின்றால் சரியாகிவிடும். போன வாரம் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருந்தது. சீட்டுக்கு ஜெல் கவர் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் பயணம்) ஓட்ட ஆசை. போகப்போகப் பழகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா? தாம்பத்தியத்துக்குப் பாதிப்பு வருமா? எந்த சீட் வாங்கலாம்? (பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: இது பழகாது. பழக்கப்படுத்தவும் கூடாது. புதிதாக நீண்ட தூரம் ஓட்டுபவருக்குப் பிட்டத்தின் அடியில் இரண்டு பக்கமும் வலிக்கும். அது சில வாரங்களில் தானாகக் குறைந்துவிடும். உங்கள் நண்பர்கள் அதை நினைத்துச் சொல்லியிருப்பார்கள். மரத்துப்போவது வேறு விஷயம். நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்குவதன் அறிகுறி அது.

நாம் உட்காரும்போது உடலின் எடையைத் தாங்குவதற்கென்றே இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. நாற்காலியில் கைகளை அடியில் வைத்து உட்கார்ந்தால் அவை உள்ளங்கையில் தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட மெல்லிய பகுதி வழியாகத்தான் பிறப்புறுப்புக்கு உணர்ச்சி தரும் புடெண்டல் நரம்பின் கிளைகளும் ரத்தக்குழாய்களும் போகின்றன. ரோடு பைக்கில் முன்னால் குனியக் குனிய எடை எலும்பை விட்டு நழுவி இந்த நடுப்பகுதிக்கு வருகிறது. சீட்டின் மூக்கு, அதாவது அதன் குறுகலான முன்பகுதி, அதை அழுத்துகிறது.

ஜெல் கவர் ஏன் மோசமாக்கியது என்பதும் இதிலேயே இருக்கிறது. மெத்தென்ற சீட்டில் எலும்பு முனைகள் அமுங்கி இறங்கிவிடும். நடுவில் இருக்கும் ஜெல் பிதுங்கி மேலே வந்து அழுத்தும். பக்கத்துக் கடைக்குப் போய்வர அது பரவாயில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஆகாது. இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

அப்புறம் சீட். கம்பெனியையும் விலையையும் விட அகலம்தான் முக்கியம். வீட்டிலேயே அளக்கலாம். பார்சல் வரும் வரிவரியான அட்டையில் ஒரு துண்டை வெட்டி, மாடிப்படி போன்ற கெட்டியான இடத்தில் போட்டு, மெல்லிய துணியோடு உட்காருங்கள். குதிகாலைத் தூக்கி, முழங்காலில் கையை ஊன்றி, வண்டி ஓட்டுவதுபோல் முன்னால் சாய்ந்து அரை நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளம் தெரியும். லேசாக இருந்தால் விரலால் தடவிப் பார்த்துப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவரை அளந்து, அதோடு சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர் கூட்டினால் உங்களுக்கு வேண்டிய அகலம் ஏறக்குறைய வந்துவிடும். 120 மில்லிமீட்டர் வந்தால் 140-லிருந்து 150 மில்லிமீட்டர் சீட்டைப் பாருங்கள். நடுவில் ஓட்டையோ ஆழமான பள்ளமோ உள்ள, மூக்கு குட்டையான சீட் உங்களுக்கு ஏற்றது. கையால் அழுத்தினால் கெட்டியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தர அனுமதிக்கும் கடை கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள்.

ஆனால் புது சீட்டுக்குப் பணம் போடும் முன் பழைய சீட்டையே சரியாகப் பொருத்திப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கோளாறு உயரத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சீட் அதிக உயரத்தில் இருந்தால் பெடலை எட்டிப் பிடிக்க இடுப்பு இடமும் வலமும் ஆடும்; நடுப்பகுதி சீட்டில் அழுந்தும். உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, அதைக் கீழே கொண்டுபோங்கள்; கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடங்கியிருக்கும். சீட்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மூக்கு மேல் நோக்கித் தூக்கியிருக்கவே கூடாது. சமமாக, அல்லது ஓரிரு டிகிரி மட்டும் கீழே. அதிகம் சாய்த்தால் முன்னால் வழுக்கிப்போய்க் கை, மணிக்கட்டு எல்லாம் வலிக்கும். ஹேண்டில்பார் எட்டாத தூரத்திலோ சீட்டை விட மிகத் தாழ்வாகவோ இருந்தால் அதையும் கொஞ்சம் உயர்த்தி, அருகே கொண்டுவரச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். ஈ.சி.ஆர். மேடு பள்ளமில்லாத சாலை என்பதால் எழ வேண்டிய தேவையே வராமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பீர்கள். நீங்களாகத்தான் நினைவு வைத்து எழ வேண்டும்.

பேடட் ஷார்ட்ஸ் (உட்காரும் இடத்தில் மெத்தை வைத்த சைக்கிள் டிரவுசர்) போடுகிறீர்கள் என்றால் அதற்குள் ஜட்டி வேண்டாம். தையல் ஓரம் உராய்ந்து, நம் ஊர் வியர்வையும் சேர்ந்தால் புண்ணும் கட்டியும் வரும். வந்ததும் கழற்றித் துவைத்து, குளித்து, நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். கட்டி வந்தால் பிதுக்காமல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, ஆறும்வரை வண்டியை எடுக்காதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும்.

தாம்பத்தியம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 2018-ல் ஜர்னல் ஆஃப் யூராலஜியில் வந்த ஒரு பெரிய ஆய்வு, சைக்கிள் ஓட்டும் ஆண்களை நீச்சல், ஓட்டப் பயிற்சி செய்பவர்களோடு ஒப்பிட்டது. பாலியல் செயல்பாட்டில் சைக்கிள் ஓட்டுபவர்கள் பின்தங்கியிருக்கவில்லை. ஆனால் மரத்துப்போவது அவர்களிடம் அதிகமாக இருந்தது. ஓட்டும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எழுந்து நின்று மிதித்தவர்களுக்கு அது குறைவு. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களுக்கு மூக்கே இல்லாத சீட் கொடுத்துப் பார்த்ததில், ஆறு மாதத்தில் பெரும்பாலோருக்கு மரத்துப்போவது நின்றுவிட்டது. ஆகவே சைக்கிளை விட வேண்டியதில்லை.

இருந்தாலும் உங்களுக்கு ஒரு மணி நேரம் உணர்ச்சி திரும்பவில்லை என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு வாரம் ஓட்ட வேண்டாம். சீட்டைச் சரிசெய்துகொண்டு 15 கிலோமீட்டரில் தொடங்குங்கள்; மரக்கவில்லை என்றால் மட்டும் தூரத்தைக் கூட்டுங்கள். இதற்கிடையில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். இந்த வயதில் விறைப்புத்தன்மை குறைந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஓட்டாமல் இருந்தும் மரத்துப்போவது ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, விறைப்பில் மாற்றம் தெரிந்தாலோ, சிறுநீரில் ரத்தமோ எரிச்சலோ இருந்தாலோ யூராலஜி மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, மலம், சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, கால் பலவீனமானாலோ காத்திருக்கவே கூடாது. அது முதுகுத்தண்டு நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பிரெவேயைப் பொறுத்தவரை, 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். அவ்வளவு நேரம் சீட்டில் இருக்கப்போகிறீர்கள். 100 கிலோமீட்டரை மரத்துப்போகாமல் ஓட்டி முடித்த பிறகு பெயர் கொடுங்கள்.